ஆறாம் வரப்பில் பூச்சி இல்லை

நசீர்! டேய் நசீர்! உன்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் இதை ஆரம்பிக்கிறேன். நீ இருந்திருந்தால், "மெதுவா பேசு மச்சான், ஊரே கேக்குது" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பாய். இப்போது இழுக்க ஆள் இல்லை. அதனால் சத்தமாகவே சொல்லப் போகிறேன்.

என் பெயர் சாதிக். வயது இருபத்தெட்டு. பத்தாவதில் கணக்கில் தவறியவன், மறுபடி எழுதவில்லை. நசீர் என்னோடு அதே பெஞ்சில் இருந்தவன், அதே கணக்கில் தவறியவன். பிறகு என் தங்கை பானுவைக் கட்டியதால் நிஜமாகவே மச்சான் ஆனான். நாங்கள் இரண்டு பேரும் ஏழு வருடம் ஒரே வேலை பார்த்தோம். வயல் வரப்பில் இருக்கும் பூச்சிகளையும், அந்தப் பூச்சிகளைத் தின்னும் பறவைகளையும் எண்ணுகிற வேலை. அந்த வேலையை நான் விட்டுவிட்டேன். இந்த வயதில் ரிட்டையர் என்றால் சிரிப்பார்கள். திரும்பப் போகவே போவதில்லை என்பதால் அந்த வார்த்தையைத்தான் சொல்லுவேன்.

எங்கள் இடத்தில் புதிதாக இரண்டு பெண்களைச் சேர்த்திருக்கிறார்கள். போன வாரம் வீடு தேடி வந்தார்கள். "அண்ணே, சார் ஒரு தடவைதான் காட்டினாரு. ஒண்ணும் புரியல. நீங்க சொல்லிக் குடுங்கண்ணே" என்றார்கள். வாயால் சொன்னால் நடுவில் கெட்ட வார்த்தை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

வேலை இதுதான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஆறு இடங்களில் ஆறு வரப்பு. மேல்பட்டாம்பாக்கம் பக்கம் கரும்புக்கு நடுவில் முதல் வரப்பு. சிதம்பரம் தாண்டிக் கடைசியாக ஆறாவது. சில வரப்பில் நொச்சி, துத்தி, ஆவாரை, பூவரசு என்று செடியும் மரமும் அடர்த்தியாக இருக்கும். சிலதில் வெறும் புல். சிலதைச் சுத்தமாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். எந்த வரப்பில் எவ்வளவு பூச்சி, எவ்வளவு பறவை என்று மாதம் இரண்டு தடவை எண்ண வேண்டும். செடி போனால் பூச்சி போகுதா, பூச்சி போனால் பறவை போகுதா, பறவை போனால் பயிரில் புழு ஏறுதா, இதைத்தான் ஆய்வு நடத்துகிற எங்கள் சார் கண்டுபிடிக்க வேண்டும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் பறவை. ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பேசக் கூடாது, பீடி கூடாது. கரிச்சான் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எத்தனை தடவை கீழே பாய்ந்து பூச்சியைத் தூக்குகிறது, பஞ்சுருட்டான் கம்பியில் எத்தனை, தவிட்டுக்குருவிக் கூட்டம் புதருக்குள் எத்தனை. பிறகு பூச்சி. செடிக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்துத் தடியால் பத்து அடி. புல்லில் வலையை இருபத்தைந்து வீச்சு. விழுந்ததை எண்ண வேண்டும். சின்னதாக இருப்பதை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

உறிஞ்சி என்றால் உண்மையாகவே உறிஞ்சி. ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. அதன் மூடியில் இரண்டு குழாய். ஒன்றின் முனையைப் பூச்சிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். இன்னொன்று நம் வாயில். சட்டென்று ஒரு இழுப்பு இழுத்தால் பூச்சி புட்டிக்குள் விழும். வாய்க்குப் போகும் குழாயின் உள்முனையில் வலைத்துணி கட்டியிருக்கும், அதனால் பூச்சி தொண்டைக்குப் போகாது. காற்று போகும், வாடை போகும், தூசி போகும். எறும்பை இழுத்தால் தொண்டை புளிக்கும். நாவாய்ப்பூச்சியை இழுத்த அன்றைக்குக் குடிக்கிற டீ, தின்கிற சோறு எல்லாம் அந்த நாற்றம்தான்.

வயலில் இருக்கிறவர்கள் எங்களை விடமாட்டார்கள்.

"இன்னாப்பா, ஈயப் புடிச்சு எண்ணுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?"

"ஆமாங்க. கொசுவுக்குத் தனி ரேட்டு" என்பான் நசீர்.

"எங்க வீட்டுல நெறைய கீது, வந்து எண்ணிட்டுப் போ."

"பொண்ணு பாக்க வந்தப்பவே எண்ணிட்டேன் பெரியம்மா" என்று அவன் சொன்னதும், நாற்றுக் கட்டு கையில் இருந்த அத்தனை பெண்களும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள். கல்யாணம் ஆகி நாலு வருடமான பிறகும் அந்தப் பக்கம் போனால், "மாப்ளே, கொசு எத்தன?" என்றுதான் கேட்பார்கள்.

ரமலான் மாதத்தில் மட்டும் நாங்கள் அந்தக் குழாயில் வாய் வைக்க மாட்டோம். நோன்பு நேரத்தில் புளிப்பும் நாற்றமும் தொண்டையில் இறங்கினால் மனசு ஒப்பாது. நசீர்தான் சாரிடம் கேட்டான். சார் யோசித்துவிட்டு, "சரி, அந்த மாசம் பிரஷ் வச்சு எடுங்க" என்றார். ஈரமான மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு எடுத்தோம். நேரம் இரண்டு மடங்கு ஆனது. வேலை நடந்தது. ஒரு மாதத்துக்கு ஒத்துக்கொண்டதை மீதிப் பதினொரு மாதத்துக்கும் ஒத்துக்கொண்டிருந்தால் என்ன, சார்? ரப்பர் பந்தை அமுக்கி இழுக்கிற குழாய் இருக்கிறதாம். நசீர் செத்த பிறகு அந்தப் பெண்களுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இருந்திருக்கிறது. அப்போதே இருந்திருக்கிறது.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். மழையில் எங்களோடு சேற்றில் நின்றிருக்கிறார். என் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுவார். சிதம்பரத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் ஆபீஸ். சாயங்காலம் எண்ணிக்கை எழுதிய ஷீட்டைக் கொண்டு போய்க் கொடுத்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். சேற்றுக் கறை இருக்கிறதா, வேர்வையில் மை பரவியிருக்கிறதா, எழுத்து ஒரே சீராக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரே சீராக இருந்தால் டீக்கடையில் உட்கார்ந்து எழுதியது என்று அர்த்தம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படி எழுதி மாட்டினார்களாம்.

முதல் நாளே அவர் சொல்லிக் கொடுத்த விதி ஒன்று. "கட்டத்தக் காலியா விடாத. நீ பாக்கலன்னா கோடு போடு. பாத்து, ஒண்ணும் இல்லன்னா சைபர் போடு. கோடு வேற, சைபர் வேற. சைபரும் ஒரு எண்ணிக்கைதான்." நாங்கள் இரண்டு பேரும் கணக்கில் தவறியவர்கள். சைபருக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொரு விதி, தனியாகப் போகக் கூடாது. ஒருவன் பார்க்க, ஒருவன் எழுத. பாம்பு இருக்கும், கிணறு இருக்கும். எப்போதும் ஜோடி.

நான் ஒரு தப்புச் செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், ஒளித்து வைத்து என்ன ஆகப் போகிறது. மூன்று வருடம் முன்னால் ஐப்பசி மழையில் புவனகிரியில் மாட்டிக்கொண்டோம். நசீருக்குக் காய்ச்சல், பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன். எனக்கு நான்காம் வரப்புக்குப் போக மனசு இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து நானே எழுதினேன். கரிச்சான் மூன்று, பஞ்சுருட்டான் ஐந்து, வெட்டுக்கிளி இத்தனை, சிலந்தி இத்தனை. சீராகத் தெரியக் கூடாதென்று டீ கிளாஸைக் காகிதத்தின் மேல் வைத்தேன், செருப்புச் சேற்றைத் தேய்த்தேன். சார் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "குட்" என்றார். ஏழு வருடத்தில் அவர் என்னை குட் என்றது அந்த ஒரு தடவைதான்.

நசீருக்குத் தெரிந்தபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னான், "மச்சான், அந்தக் கரிச்சான் நெசத்துல செத்தே போயிருந்தாலும் உன் பேப்பர்ல உசுரோட ஒக்காந்திருக்கும்டா. இனிமே அதை யாருடா தேடுவா?" அதற்கப்புறம் நான் பொய் ஷீட் எழுதவில்லை.

ஆறாம் வரப்புக்கு வருகிறேன்.

அது முதலில் நல்ல வரப்பு. அகலமான வாய்க்கால் கரை. நொச்சிப் புதர் ஆள் உயரம், நாலு பூவரசு, ஓரத்தில் பனை. துணியை விரித்து ஒரு அடி அடித்தால் எண்ணி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். கரிச்சானுக்கு அங்கே குறைவே கிடையாது. அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கலியபெருமாள். போன வருடம் பொக்லைன் விட்டுக் கரையை வழித்தார். மிச்சம் முளைத்ததுக்குக் களைக்கொல்லி அடித்தார். நாங்கள் கேட்டதற்கு, "பொதர் இருந்தா எலி ஜாஸ்தி தம்பி. நெல்லுல பாதி அதுக்குத்தான் போவுது. உங்க குருவிக்கு நான் இன்னா பண்றது?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதை முடிவு செய்யத்தானே நாங்கள் எண்ணுகிறோம்.

வழித்த பிறகு தடவைக்குத் தடவை எண்ணிக்கை இறங்கியது. நெல் அறுத்து, அதே ஈரத்தில் தெளித்த உளுந்து பூக்கிற சமயம். மாசி மாதம். நாங்கள் இரண்டு பேரும் போனோம். பத்து நிமிடம் நின்றோம். ஒரு பறவை இல்லை. மண்ணில் மண்டி போட்டு அடி அடியாகப் பார்த்தோம். அந்த வெறும் மண்ணில் ஒன்றும் இல்லை. உளுந்துக்குள் பூச்சி இருந்திருக்கும், ஆனால் எங்கள் கணக்கு வரப்புக்கு மட்டும். நசீர் ஒவ்வொரு கட்டத்திலும் சைபர் போட்டான். பதினாறு கட்டம், பதினாறு சைபர். "ஒரே எழுத்து, ஒரே மாதிரி. சார் ஒத்துக்க மாட்டாரு பாரு" என்று சிரித்தேன். "அவரு சொல்லிக் குடுத்ததுதான மச்சான்" என்றான்.

சார் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்தார்.

"எந்தக் கடையில ஒக்காந்திருந்தீங்க?"

"சார், போனோம் சார். ரெண்டு பேரும்தான் போனோம்."

"ஒரு எறும்பு கூடவா இல்ல? ஒரு சிலந்தி? எந்த வரப்புலடா எல்லாமே சைபர் வரும்?"

"இந்த வரப்புல வந்திருக்கு சார்" என்றான் நசீர்.

"நாளைக்குக் காலைல மறுபடி போ. பத்து மணிக்குள்ள எனக்கு ஒழுங்கான ஷீட் வரணும்."

மறுநாள் பானுவுக்குக் கடலூரில் ஸ்கேன். ஏழு மாதம். நசீர் கூட்டிப் போவதாக இருந்தது. அதைச் சாரிடம் சொன்னோம். "யாராவது ஒருத்தர் ஸ்கேனுக்குப் போங்க, ஒருத்தர் வயலுக்குப் போங்க" என்றார். ஜோடியாகத்தான் போக வேண்டும் என்று விதி வைத்தவர் சொன்னார். நான் ஸ்கேனுக்குப் போகிறேன் என்று நான்தான் சொன்னேன். அண்ணன் போனால் போதும் என்று பானுவும் சொன்னாள். நசீர் விடியும்போது வலையையும் குழாயையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது என் போனுக்கு ஷீட்டின் படம் வந்தது. கட்டம் எல்லாம் நிறைந்திருந்தது. வண்டு, நாவாய்ப்பூச்சி, சிலந்தி, வெட்டுக்கிளி, பச்சைப்புழு. ஏழு வருடத்தில் எந்த வரப்பிலும் அவ்வளவு பார்த்ததில்லை. கரிச்சான் மட்டும் பதினொன்று. கீழே நசீரின் குரல் பதிவு: "மச்சான், அல்லா குடுத்துட்டான்டா. வரப்பு பூரா கொட்டிக் கெடக்கு. ஓடக்கூட மாட்டேங்குது, அப்படியே இழுத்துக்கிட்டே இருக்கேன். யாரோ சாம்பல் தூவியிருக்காங்க, வாயெல்லாம் கசக்குது. பானு கிட்ட குடு." பானு திரும்பக் கூப்பிட்டுப் பேசுவதற்குள் சிக்னல் போய்விட்டது.

சாருக்கும் அதே படம் போயிருக்கிறது. அவர் அனுப்பிய பதிலை நசீர் போனில் பிறகு கேட்டேன். "இதான்டா ஃபீல்டு ஒர்க். நேத்து போகாம எழுதினது தெரிஞ்சுபோச்சு பாத்தியா?"

அவன் கடைசியாகக் கேட்டது அந்தக் குரல்தான்.

புவனகிரி ரோட்டில் வண்டியோடு விழுந்து கிடந்தவனை ஒரு ஆட்டோக்காரர் தூக்கி வந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, சதை துடிக்கிறது, பேச்சு இல்லை. மூச்சில் மருந்து வாடை. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "எந்த மருந்தக் குடிச்சான்? பாட்டில் எங்க?" இந்தப் பக்கத்தில் தினம் அப்படி ஒருவர் வருகிறார், அவர்கள் கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்கேன் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்த பானுவிடம், "வீட்டுல ஏதாச்சும் சண்டையாம்மா?" என்று கேட்டபோது, அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க வேண்டும் என்றால் எனக்கும் சாவு வர வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் போய்விட்டான். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தில் விஷ மருந்து உட்கொண்டதாக என்று எழுதியிருந்தது. உட்கொண்டதாக! அவன் உறிஞ்சினான்டா. வேலைக்காக உறிஞ்சினான்.

நான்காம் நாள் ஆறாம் வரப்புக்குப் போனேன். கரிச்சான்கள் மண்ணில் காய்ந்து கிடந்தன. நான்கு எண்ணினேன், அதற்கு மேல் எண்ண முடியவில்லை. கலியபெருமாள் என்னைப் பார்த்ததும் தலைத் துண்டை எடுத்துவிட்டார். அறுவடைக்குப் பிறகு வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. அதனால் உளுந்துக்கு மருந்தைக் கரைத்து அடிக்காமல் பவுடராகத் தூவுவார்கள். அளவு பெருகச் சாம்பலைக் கலந்துகொள்வார்கள். அன்றைக்கு இருட்டோடு வந்து தூவிவிட்டுப் போயிருக்கிறார். பயிரில் இருந்த பூச்சியெல்லாம் தப்பிக்கப் பார்த்து, வெறும் வரப்புக்கு ஏறி அங்கே விழுந்து துடித்திருக்கிறது. அதைத் தின்னக் கரிச்சான் எங்கிருந்தோ வந்திருக்கிறது. நசீர் தேடித் தேடி ஒவ்வொன்றாக, பவுடரோடு சேர்த்து இழுத்திருக்கிறான், மூன்று மணி நேரம். முதல் நாள் வாங்கிய பேச்சுக்கு ஒன்றுகூட விடக் கூடாது என்று இழுத்திருக்கிறான்.

"அந்தப் புள்ள சாம்பல்னு நெனச்சிடுச்சு" என்றார் கலியபெருமாள். "வாசன வந்திருக்குமே?"

"உங்க களைக்கொல்லி வாசனையிலதான மாசக்கணக்கா நிக்கிறோம்" என்றேன்.

எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பயந்தார். "கேஸு எம்மேல திரும்பிடும்பா." ஆனால் மறு வெள்ளிக்கிழமை எங்கள் தெருவுக்கு அவராகவே வந்தார். ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் நடுவில் நின்று, "நான்தான் பவுடர் போட்டேன். அந்தப் புள்ள மருந்து குடிக்கல. எம்புள்ள மேல சத்தியம்" என்றார். கேட்டவர்கள் கேட்டார்கள். கேட்காதவர்கள் இன்னமும், "காகிதத்துல அப்படித்தான போட்டிருக்கு" என்கிறார்கள்.

அந்தக் காகிதத்தை மாற்ற சாரின் ஒரு கடிதம் போதும். இந்த வேலையில் வாயால் உறிஞ்சுகிற குழாய் உண்டு, அன்றைக்கு அவனை நான்தான் தனியாக அனுப்பினேன், அவன் எண்ணியது மருந்து போட்ட வயல் பூச்சி என்று மூன்று வரி. பானுவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாடிப் படியில் இரண்டு தடவை உட்கார்ந்து ஏறினாள்.

சார் எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கடிதம் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ஷீட்ட மேல அனுப்பியாச்சும்மா. இப்ப அது தப்புன்னு எழுதினா மொத்த ஆய்வையும் சந்தேகப்படுவாங்க. வயல்ல இருந்ததத்தான அவன் எண்ணினான்?"

"செத்துக்கிட்டு இருந்தத எண்ணினான் சார்" என்றேன். "வழிச்சு விட்ட வரப்புலதான் பூச்சியும் குருவியும் அதிகம்னு உங்க ரிப்போர்ட் சொல்லப் போவுது. அதப் பாத்துட்டு எல்லாரும் பொக்லைன் விடுவாங்க."

அவர் பானுவிடம் திரும்பினார். "அந்த ஷீட்ட நீக்கிட்டா நசீர் கடைசியா செஞ்ச வேலையே இல்லாமப் போயிடும்மா."

பானு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அவங்க கடைசியா செஞ்ச வேல அதுக்கு மொத நாளு செஞ்சது சார். பதினாறு சைபர் போட்டாங்களே, அதுதான். அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம் நீங்க செஞ்சது."

நான் என் வலை, தடி, துணி, குழாய் எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்தேன். புவனகிரி டீக்கடைக் கதையையும் சொன்னேன். "நீங்க குட் சொன்ன ஷீட்டு பொய்யி. நீங்க தூக்கிப் போட்ட ஷீட்டு நெசம். ரெண்டையும் மாத்தி எழுதுங்க." கடிதம் இன்றுவரை வரவில்லை. நான் வாரம் ஒரு தடவை போய் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இனியும் போவேன்.

அந்த இரண்டு பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். வாய்க்குழாயைத் தொடாதீர்கள். மண்ணில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ எதையாவது பார்த்தால் அன்றைக்குக் கோடு போட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். பூச்சி ஓடாமல் கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். தனியாகப் போகச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். சைபர் வந்தால் சைபர் போடுங்கள், அதை யார் எந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் மாற்றாதீர்கள். ஆறாம் வரப்பில் பூச்சி இல்லை. பறவை இல்லை. அதைக் கண்டுபிடித்தவன் நசீர்.

பானுவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நாளைக்கு அவள் பள்ளிக்கூடம் போகும்போது எவனாவது, "உங்க அத்தா மருந்து குடிச்சவரு" என்று சொல்வான். அதற்கு முன்னால் இதை நாலு பேர் படித்திருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

அவன் ஜனாஸா தொழுகையில் கடைசி வரிசையில் நின்று, மருந்து குடித்துச் செத்தவன், இவனுக்காகக் கையேந்தலாமா கூடாதா என்று தயங்கியவர்களை நான் பார்த்தேன். உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நசீர் வேலை செய்யப் போனவன். அவனுக்காக துஆ செய்யுங்கள். வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள் அந்தச் சாமியிடம் அவன் பெயரைச் சொல்லுங்கள். தயங்காமல், எல்லாரும்.